வெள்ளிக்கிழமைக்குள்

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.
ஃப்ரிட்ஜ் கதவில், பல் டாக்டர் தந்த காந்தத்தின் கீழ்
மூன்று நாளாக அந்தத் தாள்.
பால் எடுக்கும்போதெல்லாம் படபடக்கிறது.

இரண்டாயிரத்து நானூறு டாலர், நான்கு தவணை.
வாரம் மூன்று பயிற்சி, ஞாயிறுதோறும் வெளியூர்.
அடியில் ஒரு கேள்வி, பதிலுக்கு இரண்டே கட்டம்:
உங்கள் குழந்தை போட்டி ஆட்டத்துக்குத் தயாரா?
ஆம். இல்லை.
செவ்வாய்க்கிழமை தயார், புதன்கிழமை இல்லை என்று எழுத
இடம் விடவில்லை.

டாக்னிக்கு ஒன்பது வயது.
பந்து காலில் ஒட்டிவிட்டால் மூன்று பேரைத் தாண்டுவாள்.
நாலாவது ஆளிடம்,
"உன் ஷூ நாடா அவிழ்ந்திருக்கு" என்பாள்.
நின்று சொல்வாள். பந்து போய்விடும்.
தேர்வு நாளன்றும் இதுதான் நடந்தது.
பயிற்சியாளர் கெலஹர் நோட்டில் ஏதோ எழுதினார்.
நாடாவைப் பற்றியா, அந்த மூன்று பேரைப் பற்றியா,
எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

ஏப்ரல் பாதி போயும் டுலூத்தில் குளிர் போகவில்லை.
ஏரிக் காற்று மூலைக் கொடியை மண்டியிட வைக்கிறது.
போர்வைக்குள் இருந்தபடி பெற்றோர்கள் கத்துகிறார்கள்:
அடி! அடி!
நானும் ஒருமுறை கத்தியிருக்கிறேன்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பெரிய உலர்த்தி நிற்கப்போகையில் போடும் சத்தம் மாதிரி
எனக்கே கேட்டது என் குரல்.

பத்து வயதுக்குள் சேர்க்காவிட்டால்
ரயில் போய்விடும் என்கிறாள் பெட்ரோஸ்கியின் மனைவி.
அவள் மகனுக்குப் பதினொன்று;
இப்போதே முழங்காலில் கட்டு.

ஃபார்கோவுக்குக் குடிபோய்விட்ட ரோலண்டைக் கேட்டேன்.
"தண்ணியில தள்ளினாதான் நீந்துவா" என்றான்.
அவனுக்கு இன்றுவரை நீச்சல் தெரியாது.
பாதிப் பணம் தருகிறேன் என்றும் சொன்னான்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கெலஹர் நல்ல மனிதர். மறைக்கவில்லை.
பதினெட்டுப் பேரில் பதினேழாவது இடம்,
முதல் சீசன் பெரும்பாலும் பெஞ்சில்தான் என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்
கையிலிருந்த விசிலைப் பார்த்து.

தோற்றால் தாங்குவாளா என்றுதான்
இத்தனை நாள் கணக்குப் போட்டிருந்தேன்.
போன மாதம் ஏழு கோல் வாங்கித் தோற்றார்கள்.
வீடு வரும் வழியில் அவள் கேட்டதெல்லாம்,
ஏழாவது கோல் போட்ட பெண்ணுக்கு
அந்தச் சடையை யார் பின்னிவிட்டிருப்பார்கள்?
தோல்வி அவளுக்கு மழை. வரும், காயும்.
ஆனால் யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பது?
அது எனக்குத் தெரியும்.
முப்பத்தெட்டு வயதில் இன்னும் சில இடங்களில்
ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல்
உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

காரில், சிவப்பு விளக்கில் நின்றபோது சொல்லிவிட்டேன்.
பதினேழு என்றேன். பெஞ்ச் என்றேன்.
டாக்னி கண்ணாடியில் ஊதி
ஆவியில் ஒரு பதினேழு எழுதினாள்.
"பதினெட்டு யாரு?"
"ஹோடன்."
பச்சை விழுந்ததை நான் பார்க்கவில்லை.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.
இரவு பொரித்த மீனில் இரண்டு துண்டு தின்றாள்.
பல் தேய்த்துவிட்டேன் என்றாள். தேய்க்கவில்லை.

இன்று வியாழன்.
இரவு வேலை முடிந்து விடியலில் வந்தால்
சாப்பாட்டு மேசையில் என் நாற்காலி வெறும் பலகை.
அதன் குஷனைக் காணோம்,
காபிக் கறையும் பிய்ந்த மூலையுமான அந்தக் குஷன்.
தேடினால், அவள் பையில்.
ஷூவுக்கு மேல் மடித்துத் திணித்து,
மூட முடியாமல் பாதியில் நிற்கும் ஜிப்.
கோணல் எழுத்தில் ஒரு சீட்டு:
"ரெண்டு பேர் உக்காரலாம். அளந்து பாத்துட்டேன்."

நான் அதை வெளியே எடுக்கவில்லை.
ஃப்ரிட்ஜிலிருந்து தாளைப் பிரித்துக்கொண்டு
பலகையிலேயே உட்கார்ந்தேன். சில்லென்றிருந்தது.
பேனா எழுதவில்லை.
கேஸ் பில் வந்த உறையின் முதுகில் கிறுக்குகிறேன்,
வட்டம் வட்டமாகக் கிறுக்குகிறேன்,
மை இன்னும் வரவில்லை.
மாடியில் அவளுடைய அலாரம் அடிக்கிறது.